ஞாளி கரையேறிய கதை

நாய்க்கு நீச்சலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது, நம்மில் பெரும்பாலோர் ஆராயாமலே ஏற்றுக்கொண்ட செய்திகளுள் ஒன்று. அது முழுப்பொய்யும் அன்று. சில நாய்களை நீர்ப்பரப்புக்கு மேலே தூக்கிப் பிடித்தாலே போதும். தண்ணீரைத் தொடும் முன்னரே கால்கள் காற்றில் துடுப்புப் போடத் தொடங்கிவிடும். தரையில் துள்ளுநடை போடும்போது முன்கால் ஒன்றும் எதிர்ப்புறப் பின்கால் ஒன்றும் சேர்ந்து நகர்வது போலவே நீரிலும் நகர்கின்றன. தட்டை மூக்கும் கனத்த தலையும் கொண்ட பக், புல்டாக் போன்றவையும், குட்டைக் கால்களையுடைய டாக்ஸ்ஹண்டும் இதில் விலக்கு. அவை நீரில் விழுந்தால் மூழ்கும் அபாயமே அதிகம்.

ஆனால் நீந்தத் தெரிவது வேறு, நீருக்குள் இறங்க மனம் துணிவது வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகளில் நாய்கள் விழுவது அவ்வப்போது நடப்பதுதான். தீயணைப்பு நிலையத்தார் கயிறும் வலையுமாக வந்து மீட்பார்கள். மீட்க ஆள் வராத நாய்கள் சாகின்றன. நீந்தத் தெரியாமல் அல்ல, நீந்தி நீந்திக் களைத்துச் சாகின்றன. சுற்றிலும் செங்குத்தான சுவர். கால் வைக்க இடம் இல்லை. அந்த நாய்க்கு நீச்சல் தெரிந்திருந்ததால் விளைந்ததெல்லாம் சாவு சில மணி நேரம் தள்ளிப்போனது மட்டும்தான். இதை நான் யோசிக்க நேர்ந்தது எங்கள் வீட்டு நாயை முன்னிட்டு.

அதன் பெயர் ஞாளி. பரணர் பாடிய அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் (122ஆம் பாட்டு) இரவில் தலைவன் வரவொட்டாமல் தடுக்கும் இடையூறுகளைத் தலைவி ஒவ்வொன்றாக அடுக்குவாள்: உறங்காத ஊர், உறங்காத தாய், காவலர், நிலவு. அந்த வரிசையில் வலப்புறமாகச் சுருண்ட வாலையுடைய நாயும் வரும். ஞாளி என்றும் ஞமலி என்றும் இரு பெயராலும் அந்தப் பாட்டு அதைச் சொல்கிறது. எங்கள் நாட்டு நாய்க்கும் வால் அப்படியே சுருண்டிருந்ததால் அந்தப் பெயரை வைத்தேன். பாகாயத்தில் எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்குள் அது ‘ஜாலி’ ஆகிவிட்டது. தமிழ் முதுகலை படித்தவள் வைத்த பெயருக்கு நேரக்கூடியதுதான் இது. நிகண்டுகளில் நாய்க்கு ‘எகினம்’ என்றும் ஒரு பெயருண்டு. அதே சொல் அன்னப்பறவையையும் குறிக்கும். அந்தப் பெயரை வைத்திருந்தால் நீரச்சம் இல்லாமல் வளர்ந்திருக்குமோ என்று என் மகள் கேலி செய்வாள்.

ஞாளி எங்களிடம் வந்தது 2021 நவம்பர் இறுதியில். அந்த மாதம் பாலாற்றில் வந்த வெள்ளத்தை வேலூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் மணலும் முட்செடியுமாகக் கிடக்கும் ஆறு, ஒருசில நாள்களில் இரு கரையும் தொட்டு ஓடியது. பாலாற்று வெள்ளம் என்றாலே 1903இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைத்தான் முதியவர்கள் தங்கள் பாட்டன்மார் வாய்வழி கேட்டதாகச் சொல்வார்கள். இப்போது எங்கள் தலைமுறைக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. வெள்ளம் வடிந்த பின், விருதம்பட்டுப் பக்கம் பாலத்தடியில் சேறு அப்பிய குட்டியாக ஞாளியைக் கண்டெடுத்து வந்தவர் என் கணவர். வெள்ளத்தை அது எங்கிருந்து எப்படிப் பார்த்தது என்பதை அதுதான் சொல்ல வேண்டும். நாங்கள் கண்டதெல்லாம், வாளியில் குழாய்நீர் விழும் ஓசை கேட்டால் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிக்கொள்வதை. குளிப்பாட்டும் நாள் வீட்டில் போர்க்களம்.

அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். நீருக்கு அஞ்சும் நாயால் உலகத்துக்கு என்ன நட்டம்? ஆனால் 2024 இறுதியில் ஒரு இருசக்கர வண்டி மோதி அதன் பின்னங்கால் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் அந்தக் காலை ஊன்றாமல் மூன்று காலாலேயே நடக்கப் பழகிக்கொண்டது. தொடைத்தசை நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே வந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, “தண்ணியில நடக்க விடுங்க, நீந்தவும் விடுங்க. இல்லாட்டி இந்தக் காலை அது மறந்துடும்” என்றார். அவர் சொன்ன கணக்கு வியப்பளித்தது. இடுப்பளவு நீரில் நிற்கும் நாயின் கால்களில் அதன் உடல் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடுதான் இறங்குமாம். முழங்கால் மூட்டளவு நீரில் 85 விழுக்காடு இறங்கும். அதாவது கொஞ்சம் நனைந்தால் பயனில்லை. இடுப்பளவாவது இறங்க வேண்டும். இறங்க வேண்டியதோ குழாயோசைக்கே கட்டிலடிக்குப் போகும் நாய்.

எங்கே இறக்குவது என்பது அடுத்த கேள்வி. பாகாயத்துக்கு அருகே ஓட்டேரி ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் வேலூர் நகரத்துக்கே குடிநீர் தந்த ஏரி. அதன் கரைச்சேற்றில் கால் முறிந்த நாயை இறக்க மனம் வரவில்லை. பாலாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீர் இருப்பது அரிது. இருந்தாலும் தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து வரும் நீர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துக் கிணற்றுநீர் கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடும் தர வேண்டும், சீரும் செய்ய வேண்டும் என்றது. 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறும் ஏரியும் கிணறுமாக இருந்த ஒரு வட்டாரத்தில் நாயை நனைக்க நீச்சல் குளம் தேடுகிறோம் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

என் கொழுந்தனார் கணியம்பாடிக்கு அப்பால் தம் தென்னந்தோப்பில் சிறிய நீச்சல் குளம் ஒன்று கட்டியிருக்கிறார். ஒரு மூலையில் நான்கு படிகள். அங்கிருந்து ஆழம் மெல்ல மெல்லக் கூடும். “அண்ணி, வாரத்துல எப்ப வேணா வாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், ஆள் வருவாங்க” என்றார். 2025 ஏப்ரலில் தொடங்கினோம்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முதல் நாளே தம் கருத்தைச் சொல்லிவிட்டார். “இன்னா டீச்சரம்மா, ஒரு நாயிக்கு இம்மா ரோசனையா? தூக்கி உள்ள போடு, தன்னால நீஞ்சும். எங்க நைனா என்னெ அப்பிடித்தான் கெணத்துல தள்ளுனாரு.”

அவர் சொன்னதைத் தள்ளிவிடக் கூடாது. எங்கள் ஊர்ப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக ஆண்பிள்ளைகள் நீச்சல் கற்றது அப்படித்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அல்லது கயிற்றைக் கட்டி, ஒருநாள் திடீரென்று தள்ளிவிடுவார்கள். ஆனால் பெரியவரிடம் நான் துருவித் துருவிக் கேட்டதில் வேறொன்றும் தெரிந்தது. தள்ளப்படுவதற்கு முன் ஈராண்டுகள் அவர் அந்தக் கிணற்றின் படியில் உட்கார்ந்து அண்ணன்மார் குதிப்பதைப் பார்த்திருக்கிறார். படி எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனையாவது படியில் பாசி வழுக்கும், எந்தக் கல்லைப் பிடித்து ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கீழே ஓர் அண்ணன் நீரில் நின்றுகொண்டும் இருந்திருக்கிறார். தள்ளியதை மட்டும் அவர் நினைவில் வைத்துக்கொண்டார். தள்ளலாகாது என்று நான் உறுதியாக நின்றதற்கு அவரே சான்று தந்துவிட்டார்.

இன்னொரு சான்று தொலைவிலிருந்து வருவது. உருசிய நாட்டு அறிவியலாளர் பாவ்லோவை நாம் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்கள் அவருடையவை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் வந்தபோது அந்த நாய்கள் கூண்டுகளில் அகப்பட்டுக்கொண்டன. நீர் கூண்டின் மேற்பகுதி வரை ஏறியது. கதவோ கீழே இருந்தது. வெளியே கொண்டுவர ஒவ்வொரு நாயையும் நீருக்கடியில் முக்கி இழுக்க வேண்டியிருந்தது. எல்லாம் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் அதற்குப் பிறகு கற்றதையெல்லாம் மறந்துவிட்டன. பல வாரம் முயன்று ஒரு நாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின், பாவ்லோவின் குழுவினர் அது இருந்த அறைக்கதவின் அடியில் சிறிதளவு தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், மறுபடியும் எல்லாம் குலைந்துவிட்டது. ஒரு சிற்றோடைக்கும் போதாத நீர் அது. இதைப் படித்த அன்று, வாளியில் நீர் விழும் ஓசைக்குக் கட்டிலடியில் ஒடுங்கும் ஞாளியை நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

அச்சத்தைப் போக்க உளவியலார் கைக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் ‘வெள்ளம் பாய்ச்சுதல்’ என்ற பொருளில்தான் பெயர். அஞ்சுவதன் நடுவிலேயே ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துவது. மற்றொன்று படிப்படியாக நெருங்குவது. இரண்டாவதை 1958இல் நூலாக எழுதியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப். ஒரு கூண்டைக் கண்டு அஞ்சிய பூனைகளுக்கு, முதலில் அந்த அறையைச் சற்றே ஒத்த வேறோர் அறையில் உணவு வைத்து, பிறகு இன்னும் ஒத்த அறையில், பிறகு அதே அறையில், கடைசியில் அந்தக் கூண்டிலேயே வைத்து அச்சத்தைக் கரைத்தார். மனிதருக்கான மருத்துவம் பூனையிடமிருந்து வந்தது. நான் அதை நாய்க்குக் கொண்டுபோகிறேன், அவ்வளவே. பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கி மருத்துவத்தில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம். அந்த மதிலோரமாகத்தான் ஞாளியை நாள்தோறும் நடத்திச் செல்வேன். உடனிருப்பவர் ஒருவர் வேண்டும் என்பது எவ்வளவு எளிய கண்டுபிடிப்பு, எவ்வளவு பெரியது என்று தோன்றும்.

முதல் மூன்று வாரம் நாங்கள் குளத்தின் பக்கமே போகவில்லை. வீட்டு முற்றத்தில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டு, தண்ணீரே இல்லாமல் அதற்குள் சோறு வைத்தோம். அவித்த கோழி ஈரல்தான் கையூட்டு. (ஆம்பூர்ப் பிரியாணித் துண்டுதான் வேண்டும் என்று அது கெஞ்சும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு, கொடுக்கலாகாது.) தொட்டிக்குள் தயங்காமல் ஏறத் தொடங்கிய பின் இரண்டு விரற்கடை நீர், வெயிலில் வைத்து வெதுவெதுப்பானது. பிறகு கணுக்காலளவு. குழாயோசைக்கு வேறு பாடம்: தொலைவில் சொட்டுச் சொட்டாக விடுவது, ஈரல் கொடுப்பது, குழாயை மூடினால் ஈரலும் நின்றுவிடுவது. இதற்கே பத்து நாள் ஆயிற்று. கைப்பிடி வைத்த மிதவைச் சட்டையை வாங்கி, அதையும் ஒரு வாரம் தரையிலேயே மாட்டிச் சோறு போட்டோம். கழுத்து வாரை மாற்றினோம். தோல் வார் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் விறைக்கும். தோலூரில் இருந்துகொண்டு நைலான் கயிறு வாங்கினோம்.

குளத்தருகே போன முதல் நாள் சுற்றி வந்தது மட்டும்தான். இரண்டாம் முறையும் அதுவே. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் முறை கவனித்தேன். நீலப் பலகைக்கல் பதித்த குளம். படியும் நீலம், சுவரும் நீலம். மேலிருந்து பார்க்கும் நமக்கே படி எங்கே முடிகிறது என்று தெரிவதில்லை. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். பெரியவரின் குடிசை வாசலில் மஞ்சள் பிளாஸ்டிக் குடம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, நீர் நிரப்பிப் படியின் தலைப்பில் வைத்தேன். அன்றிலிருந்து பாடம் தலைகீழானது. ‘வா’ என்று நீருக்குள் அழைப்பதை நிறுத்திவிட்டேன். முதற்படியில் முன்னங்காலை வைத்தவுடன் குடத்தருகே நின்று அழைப்பேன். திரும்பி ஏறினால்தான் ஈரல். இறங்குவதற்கு ஒன்றும் கிடையாது. ஏறுவதற்கே பரிசு. இரண்டாம் படி, திரும்பி ஏறு. மூன்றாம் படி, திரும்பி ஏறு. ஒரு மாலையில் இருபது முறை.

இலக்கணம் நடத்தும் புத்தி எங்கே போகும்? தன்வினை, பிறவினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். ஏறு, ஏற்று, அமிழ், அமிழ்த்து. நீந்து என்பதற்கு நம் பேச்சில் அப்படி ஓர் இணைச்சொல் இல்லை; நீந்த வை, நீந்தச் செய் என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும். கரையேறு என்பதற்கோ கரையேற்று உண்டு. பெண்ணைக் கரையேற்றுவது என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அவளாகவே ஏறக்கூடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் மருந்துக்கும் இல்லை. கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் அக்கல்லே மிதவையாக வந்து கரைசேர்ந்த இடம் என்பது மரபு. அந்த ஊர்ப்பெயரில் உள்ள ‘விட்ட’ என்னும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். தூக்கி வைக்கவில்லை, இழுக்கவில்லை, ஏற விட்டது.

மூன்றாம் படிக்குக் கீழே ஞாளி தனியே வர மறுத்தது. யாராவது உள்ளே நிற்க வேண்டும். என் கணவருக்கு வேலைநாள், மகளுக்குத் தேர்வு. எனக்கோ நீச்சல் தெரியாது. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் நின்ற புலவரின் பாட்டை (புறநானூறு 243) இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். மருதமரத்துக் கிளையேறி மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளி வந்த இளமையை ஒரு முதியவர் நினைத்து இரங்கும் பாட்டு. மாணவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் ஊர்க் கிணற்றை நினைப்பார்கள். வகுப்பின் ஒரு பாதி மட்டும். மறுபாதி என்னைப் போல் கிணற்று மேட்டில் நின்று துணிக்குக் காவல் இருந்தவர்கள். நாற்பத்தாறு வயதில் சுடிதாரோடு இடுப்பளவு நீரில் இறங்கி, படியின் கைப்பிடியை ஒரு கையாலும் நாயின் சட்டைப் பிடியை மறுகையாலும் பற்றிக்கொண்டு நின்றேன். யாருக்கு யார் துணை என்று பெரியவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் விடையில்லை. எங்கள் இருவருக்கும் அந்த மஞ்சள் குடம் கண்ணில் படும் தொலைவில்தான் துணிச்சல் இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் நான்காம் படியிலிருந்து அதன் பின்னங்கால்கள் தாமாகவே பிரிந்தன. முதலில் அஞ்சும் நாய்க்கே உரிய நீச்சல்: முன்னங்கால்களை நீருக்கு மேலே தூக்கி அறைவது, இடுப்பு கீழே தொங்குவது. வயிற்றுக்கடியில் கைகொடுத்து உடலைக் கிடைமட்டமாக்கியதும் தண்ணீர்ச் சிதறல் அடங்கியது. ஒரு சுற்றுச் சுற்றிக் குடத்தை நோக்கித் திரும்பியது. மருத நிலத்துப் பாடல்களில் வாளை மீனைக் கவ்விச் செல்லும் நீர்நாயின் ஒயில் எல்லாம் இல்லை. மூச்சிரைப்பும் முறைப்புமாக ஒரு நாட்டு நாய். ஆனால் முறிந்த கால், ஆறு மாதமாகத் தரையைத் தொடாத கால், மற்ற மூன்றோடும் ஒத்து நீரை உதைத்துக்கொண்டிருந்தது. குளத்து விளிம்பில் குந்தியிருந்த பெரியவர், “அட, அந்தக் காலும் ஆடுது பாரு” என்று எழுந்து நின்றுவிட்டார்.

அதன்பின் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டினோம். பத்துக்கு மேல் போகவில்லை. களைத்த நாய் தண்ணீரை விழுங்கும். அளவு மீறி விழுங்கினால் இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிருக்கே கேடு வரும். வெளியே வந்ததும் குளோரின் போக நல்ல நீரில் அலசுவது, காதின் உட்புறத்தை உலரத் துடைப்பது, பொசுக்கும் சிமென்டுத் தரையில் நிற்கவிடாமல் தென்னை நிழலுக்கு அழைத்துப் போவது என்று பின்வேலையும் உண்டு.

ஒருநாள் நாங்கள் போனபோது குடம் இல்லை. செடிக்கு நீரூற்ற யாரோ எடுத்துப் போய், குளத்தின் எதிர்மூலையில் வைத்திருந்தார்கள். ஞாளி படியருகே வந்து நின்றது. இறங்கவில்லை. எதிர்மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தது, அங்கே ஓடிப்போய் விளிம்பை மோந்தது, படியில்லை என்று கண்டு திரும்பி வந்தது. பின்பு தரையில் படுத்துக்கொண்டது. பெரியவர் போய்க் குடத்தைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்ததும் எழுந்து, ஒருமுறை முகர்ந்துவிட்டு, என்னைப் பாராமலே இறங்கியது. அன்று முதல் குடத்தை வாரத்துக்கு ஒரு சாண் வீதம் படியிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தோம். ஆகஸ்டில் அது தென்னை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஞாளி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. படி எங்கே என்பது காலுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

மருத்துவர் தொடையை அளந்து பார்த்து இரு பக்கமும் ஏறத்தாழச் சமம் என்றார். இப்போது நான்கு காலால் நடக்கிறது. மழைநாளில் மட்டும் சற்று நொண்டும். குளிப்பாட்டும் நாளில் கட்டிலடிக்குப் போகும் வழக்கம் இன்னும் விட்டபாடில்லை. குளம் வேறு, வாளி வேறு என்று அது முடிவுசெய்திருக்கிறது. நான் மூன்றாம் படியைத் தாண்டி நெஞ்சளவு வரை போகிறேன். குடத்தைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு குடம் இல்லையாம்.